ஹெலன் கழற்றிய ரேம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் ஹெலன் வேலைக்குச் சேர்ந்தபோது, அவளை யாரும் கம்ப்யூட்டர் பக்கம் அண்ட விடவில்லை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பெண்ணைத் திறந்தவெளி யார்டில் நிறுத்தி பில்லெட் எண்ணச் சொன்னார்கள். பில்லெட் என்றால் இரண்டு ஆள் நீளத்துக்கு இருக்கும் சதுர இரும்புக் கட்டை. அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, உருட்டி, வீடு கட்டுகிற கம்பியாக்குவார்கள். ஹெலன் சாக்பீஸும் நோட்டுமாக வெயிலில் நின்று எண்ணினாள். அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு லாட்டை, அதாவது ஒரே தொகுதியாக வந்த கட்டைகளை, முழுக்க அடுக்கி முடித்த பிறகுதான் அடுத்த லாட்டைத் தொடலாம். முதல் லாட் கீழே, இரண்டாவது லாட் அதன் மேலே. கலந்து அடுக்கியவன் அன்றைக்குச் சூப்பர்வைசர் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் அப்படி எண்ணியவளுக்கு, உலகத்தில் எல்லாமே அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கும் என்று படிந்துபோனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பிறகு உலைக்குப் பக்கத்துக் கேபினில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. உலை எத்தனை டிகிரியில் எரிய வேண்டும் என்று ஆப்பரேட்டர் அதில் அடித்தால் அது பார்த்துக்கொள்ளும். வைத்துவிட்டுப் போன கம்பெனிக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தொடப் பயந்ததை ஹெலன் தொட்டாள். லினக்ஸ் என்கிற மென்பொருளில் அது ஓடுகிறது என்று கண்டுபிடித்து, கவரைப்பேட்டையிலிருந்து வரும் காலை ரயிலில் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்தே அதைப் படித்தாள். இரண்டே வருஷத்தில் மில்லின் கம்ப்யூட்டர் எல்லாம் அவள் கைக்குள் வந்துவிட்டது.

உலையில் முதல் ஷிப்ட் ஆப்பரேட்டர் தணிகைவேல். இருபத்தொரு வருஷ சர்வீஸ். ஆள் பார்க்க முரடு, பேச்சு முழுக்கக் கிண்டல். ஹெலன் ஸ்க்ரூடிரைவரோடு கேபினுக்குள் நுழைந்தால், "இன்னாம்மா ஹெலனு, பொட்டிக்கு ஜொரமா? ஊசி போட வந்துக்கினியா?" என்பார். அவளும் விடமாட்டாள். "உங்களுக்கும் சேத்துப் போடவாண்ணா?" என்பாள். உறவு என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்குள் ஒன்றுமில்லை. அவர் ஒரு ஜாதி, அவள் ஒரு மதம். ஆனால் கேபினில் அவர் வாங்கி வரும் நாஷ்டாவில் ஒரு வடை எப்போதும் அவளுக்கு இருந்தது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் கேபினில் ஏசி படுத்துவிட்டது. உள்ளே உட்கார்ந்தால் சட்டை நனைந்து நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளும் வெக்கை. தணிகைவேல் வழக்கம்போல உலைக்கு 1150 டிகிரி என்று அடித்துவிட்டு, தண்ணீர் குடித்து முகம் கழுவி வரப் போனார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது உலை 1278-ஐப் பிடித்துவிட்டது. உள்ளே இருந்த பில்லெட்கள் மேல்தோல் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய்விட்டன. உலையை ஆறவிட்டு, ஆட்களை இறக்கி, கேஸ் கட்டரால் அறுத்து எடுக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் மில் ஊமையாகக் கிடந்தது.

கம்ப்யூட்டரின் பதிவேட்டில் 'ஆப்பரேட்டர் கொடுத்த எண் 1278' என்று இருந்தது. என்குவரி வைத்தார்கள்.

கம்ப்யூட்டரில் கோளாறு உண்டா, இல்லையா என்று பார்த்துச் சொல்வது ஹெலன் பொறுப்பு. அவள் சோம்பேறி இல்லை, பார்த்தாள். நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை அந்த வெக்கையிலேயே ஓடவிட்டாள். ஆறு மணி நேரம் கழித்து ஒரே ஒரு சிவப்பு வரி வந்தது. இந்த முகவரியில் எழுதியது ஒன்று, திரும்பப் படித்தது வேறொன்று என்றது அந்த வரி. கம்ப்யூட்டரில் இருந்தவை நாலு நாலு ஜிபியாக இரண்டு ரேம், அதாவது நினைவகச் சில்லுகள் பதித்த பட்டைகள். முகவரியோ ஐந்து ஜிபியைத் தாண்டிய இடம். முதல் நாலு கீழே, அடுத்த நாலு மேலே. அப்படியானால் இது இரண்டாவது ரேம். யார்டில் நின்ற கண் அப்படித்தான் கணக்குப் போட்டது, ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

இரண்டாவது ரேமைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோய் வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி இரண்டு நாள் சோதித்தாள். சுத்தமாக இருந்தது. தூசியாக இருந்திருக்கும் என்று முடிவுகட்டி, அதன் சொருகும் விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டாள். முதல் ரேமை அவள் தொடவே இல்லை.

என்குவரியில் தணிகைவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பேசினார். "சார், ஆயிரத்து நூத்தம்பதுதான் சார் அட்ச்சேன். இருவத்தியோரு வருசமா அதே நம்பரு. கண்ணக் கட்டி உட்டாலும் அதான் அடிப்பேன். ஆயிரத்து நூத்தம்பது எங்க, ஆயிரத்து இருநூத்தி எழுவத்தெட்டு எங்க?"

மேனேஜர் ஆதிநாராயணன் ஹெலனைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

"முழுசா செக் பண்ணிட்டேன் சார். கம்ப்யூட்டர்ல தப்பு இல்ல. அதுல இருக்கறது ஆப்பரேட்டர் குடுத்த நம்பர்தான்."

அந்த ஒரு சிவப்பு வரியை அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. துடைத்து மாட்டியாயிற்றே, அதை எதற்குச் சொல்லிக் குழப்புவது என்று நினைத்தாள். தணிகைவேல் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏதோ யோசிப்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் யூனியன்காரர்கள் எவ்வளவு தூண்டியும் அவர் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளில் வேலை போயிற்று. கேட்டில் கையெழுத்துப் போட்டு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மறு வருஷமும் சித்திரை வந்தது. ஏசியும் மறுபடி படுத்தது. புதிய ஆப்பரேட்டர் பார்த்திபன் கேபினை விட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தான். "மேடம், நான் ஆயிரத்து நூத்தம்பது அட்ச்சேன். கண்ணு முன்னாடியே ஆயிரத்து இருநூத்தி எழுவத்தெட்டுனு மாறிக்கிச்சு மேடம்!" நல்லவேளை, உடனே உலையை அணைத்துவிட்டான்.

அதே 1278. ஹெலன் நாற்காலியில் உட்கார்ந்து அதிலிருந்து 1150-ஐ ஒரு காகிதத்தில் கழித்துப் பார்த்தாள். நூற்று இருபத்தெட்டு. கம்ப்யூட்டர் ஓர் எண்ணைச் சின்னச் சின்ன ஸ்விட்சுகளாக வைத்திருக்கும். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு மதிப்பு. நூற்று இருபத்தெட்டு அதில் ஒரே ஒரு ஸ்விட்சு. மனிதக் கை 1150-ஐ 1278 என்று தப்பாக அடிக்க, மூன்று இலக்கம் பிசக வேண்டும். கெட்டுப்போன ரேமுக்கு ஒரே ஒரு ஸ்விட்சு தானாகப் புரண்டால் போதும். போன வருஷமே இந்தக் கழித்தலைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

இந்த முறை இரண்டு ரேமையும் தனித்தனியாக அந்தச் சூட்டிலேயே சோதித்தாள். நாற்பது நிமிஷத்தில் முதல் ரேம் சிவப்பு சிவப்பாகக் கக்கியது. சூடு ஏறினால்தான் கோளாறைக் காட்டும் ரகம் அது. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தாள். கம்ப்யூட்டருக்குள் ரேம்கள் சொருகியிருக்கும் அந்த போர்டு அவற்றை லாட் லாட்டாக அடுக்குவதில்லை. சீட்டு போடுகிறவன் உனக்கொன்று எனக்கொன்று என்று போடுவதுபோல, நினைவகத்தை இரண்டு ரேமுக்கும் மாற்றி மாற்றிப் பிரித்துப் போடுகிறது. ஐந்து ஜிபியைத் தாண்டிய முகவரி இரண்டில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். அவள் நல்லதைக் கழற்றி இரண்டு நாள் சோதித்து நற்சாட்சி கொடுத்திருக்கிறாள். கெட்டது அந்த ஒரு வருஷமும் உலையை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆதிநாராயணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. தன் நாற்காலிக்குப் பயந்த மனுஷன். "புது ரேம் வாங்கிப் போட்டுடும்மா. பழசக் கிளறாத. ஒரு வருசம் முன்னாடி சிவப்புக் கோடு வந்ததுக்கும் இந்த ரேமுக்கும் சம்பந்தம்னு நீ எத வெச்சுச் சொல்லுவ? அந்த முகவரி இந்த ரேம்லதான் இருந்துச்சுன்னு காட்ட முடியுமா?"

முடியவில்லை. அவளிடம் முகவரி பத்திரமாக இருந்தது. அது எந்த ரேம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒரு பகுதி உண்டு, மில்லில் மேஸ்திரி மாதிரி. எந்த நிரலுக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். ஆனால் அந்த இடம் உண்மையில் எந்த ரேமில் இருக்கிறது என்று யாரிடமும் வாய் திறக்காது. போர்டில் இருக்கும் சிப்புக்கு அது தெரியும். தன் மூலையில் எழுதியே வைத்திருக்கும். கெர்னல் அதைப் படித்து வெளியே காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த வகை போர்டுக்கு அதை இதுவரை யாரும் எழுதவில்லை.

"நான் எழுதறேன்" என்று வீட்டில் சொன்னாள்.

அவள் கணவன் ஸ்டீவன் ரசாயனக் கம்பெனியில் பாய்லர் பார்ப்பவன். கம்ப்யூட்டர் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. மனுஷர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். "எழுது, வேணான்னு சொல்லல. மொதல்ல அந்தாளப் போய்ப் பாத்து விசயத்தச் சொல்லிட்டு வந்து எழுது."

"வெறும் கையோட போய் இன்னா சொல்றது? அன்னிக்குச் சொன்னது தப்பு, இன்னிக்குச் சொல்றது கரெக்டுன்னா? கையில பேப்பர் வேணும். நானே எழுதி நானே காட்டுனா யாரு நம்புவாங்க? எல்லாரும் ஒத்துக்கின நிரலா, கம்ப்யூட்டரே சொல்லணும். அத எடுத்துக்கினு போனாதான் கம்பெனியும் மறுக்காது, அவருக்கு வேலையும் திரும்பும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அவளே அதை நம்பினாள். ஆனால் உள்ளுக்குள் இருந்தது பயம், வெட்கம். பேப்பரை முன்னால் பிடித்துக்கொண்டால் முகத்தைக் காட்ட வேண்டாம் அல்லவா?

கெர்னலில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால், எழுதியதை உலகத்தில் இருக்கும் பெரிய தலைகளுக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவர்கள் பிரித்து மேய்வார்கள். ஹெலன் எழுதியது சின்னக் காரியம்: ஒரு முகவரியைக் கொடுத்தால், அது எந்தச் சொருகலில் இருக்கும் ரேம் என்று சொல்லும் ஒரு கோப்பு. கம்ப்யூட்டரைத் தொடுகிற யாரும் படிக்கலாம். முதல் பதில் மூன்றாம் நாளே வந்தது. இதை யாருக்கும் காட்டக் கூடாது என்றார் ஒருவர். எந்த இடத்துக்குப் பக்கத்தில் எந்த இடம் என்று தெரிந்தால், விஷமக்கார நிரல் ஒன்று தன் இடத்தையே தட்டித் தட்டி அடுத்தவனின் ஸ்விட்சைப் புரட்டிவிடும் என்றார். அதில் உண்மை இருந்தது. இன்னொருவர், கெர்னல் ஒரு தடவை ஒன்றை வெளியே காட்டிவிட்டால் அது வாக்குக் கொடுத்ததற்குச் சமம், பிறகு காலத்துக்கும் மாற்ற முடியாது, அதனால் நூறு தடவை யோசிக்க வேண்டும் என்றார். அதிலும் உண்மை இருந்தது. மூன்றாவது ஆள்தான் சுருக்கென்று கேட்டார்: சாதாரணப் பயனருக்கு இது எதற்கு? அப்படி யாருக்காவது உண்மையிலேயே தேவைப்பட்டதா?

ஹெலன் பதில் எழுத உட்கார்ந்தாள். இருபத்தொரு வருஷம் உழைத்த ஒருவருக்கு என்னால் வேலை போயிற்று என்று எழுதி, படித்துப் பார்த்து, அழித்தாள். கடைசியில், 'இரும்பு ஆலை ஒன்றில் இது தெரியாமல் பயனர் ஒருவர் தவறான ரேமைக் கழற்றிவிட்டார்' என்று அனுப்பினாள். அந்தப் பயனர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

திருத்து, மறுபடி அனுப்பு, மறுபடி திட்டு வாங்கு. இரண்டாவது வடிவம், மூன்றாவது வடிவம் என்று மாதங்கள் ஓடின. தணிகைவேல் அப்போது ஆந்திர எல்லையில் இருக்கும் தடா பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் காண்ட்ராக்ட் கூலியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தாள். ஆள் பாதியாகியிருந்தார். அவரும் அவளைப் பார்த்தார், கையைத் தூக்கினார். ஹெலன் பார்க்காததுபோல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இன்னும் ரெண்டே மாசம், பேப்பரோடவே போயிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தத் தூணை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசும்.

ஐந்தாவது வடிவத்தை அனுப்பிய வாரம் பார்த்திபன் வந்து சொன்னான். "மேடம், நம்ம தணிகண்ணன் போய்ட்டாரு. கிடங்குலயே நெஞ்ச வலிக்குதுன்னு உக்காந்தாராம். ஆஸ்பத்திரிக்கு இட்னு போறதுக்குள்ள முடிஞ்சுட்சாம்."

அன்று அவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சாவுக்குப் போனாள், தெருமுனை வரைக்கும்தான் போனாள். பறைச்சத்தம் கேட்டது. அங்கேயே திரும்பிவிட்டாள்.

இனி யாருக்காக எழுதுவது? ஸ்டீவன் அதைக் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள், பதில் தெரியாமலே எழுதினாள். வேலைதான் திரும்பாது, பெயராவது திரும்பட்டும் என்று ஒரு நினைப்பு. ஏழாவது வடிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். யாரும் படிக்கலாம் என்றிருந்ததை, கம்ப்யூட்டரை நிர்வகிப்பவர் மட்டும் படிக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். போகட்டும். மில் கம்ப்யூட்டரில் பழைய ரேம்களை அதே சொருகல்களில் மாட்டி, அந்தப் பழைய முகவரியைக் கொடுத்துக் கேட்டாள். 'முதல் சொருகல்' என்று பதில் வந்தது. இரண்டே சொல். பதினான்கு மாதம்.

ஆதிநாராயணன் அதை அச்செடுத்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஆளே இல்லாதப்ப இத வெச்சு இன்னாம்மா பண்றது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஹெலன் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு புதுகும்மிடிப்பூண்டிக்குப் போனாள். தணிகைவேலின் மனைவி சந்திரகலா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஹெலனைக் கண்டதும், "வாம்மா ஹெலனு, ஊட்டுக்குள்ள வா" என்று கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்த உபசாரம் ஹெலனுக்கு நெருப்பாக இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணா அன்னிக்கு நம்பரத் தப்பா அடிக்கல. கம்ப்யூட்டர்தான் கெட்டுப் போயிருந்துச்சு. நான் கெட்டத உட்டுட்டு நல்லதக் கழட்டிப் பாத்துட்டுத் தப்பே இல்லன்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுக்கா. இதோ, இதுல இருக்கு." ஒரே மூச்சில் சொல்லிக் காகிதத்தை நீட்டினாள். திட்டட்டும், அடிக்கட்டும், எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

சந்திரகலா காகிதத்தை வாங்கவில்லை.

"அப்போ அவரு ஆயிரத்து நூத்தம்பதுதான் அட்ச்சாரா?"

"ஆமாக்கா."

"கரெக்டாத்தான் அட்ச்சாரா?"

"கரெக்டாத்தான் அட்ச்சாரு."

சந்திரகலா மெல்லச் சொன்னாள். "அன்னிக்கு என்குவரி முடிஞ்சு ஊட்டுக்கு வந்து இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஹெலனே செக் பண்ணிச் சொல்லிட்சுடி. அப்போ நான்தான் தப்பா அட்ச்சிருக்கேன். என் கை எப்போ இப்டி ஆச்சுன்னே தெர்லடி'ன்னாரு. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. அன்னிலர்ந்து போன்ல நம்பர் கூட அவரு அழுத்த மாட்டாரு. என்கிட்ட குடுத்து, நீ அழுத்து, என் கைய நம்பாதேம்பாரு. கடைசி வரைக்கும் அப்டித்தான் இருந்தாரு."

ஹெலன் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. என்குவரி அறையில் அவர் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தது இதைத்தானா? மில் நம்பாதது அவரைக் கொல்லவில்லை. அவள் சொன்னதை அவர் நம்பினார்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?" என்று சந்திரகலா கேட்டாள்.

"போன வருசம் சித்திரையிலக்கா. பேப்பர் ரெடியாகட்டும்னுதான்..."

"பேப்பரா?" சந்திரகலாவின் குரல் உடைந்தது. "மொத தபா எந்தப் பேப்பரப் பாத்து நம்புனாரு? நீ வாயால சொன்ன, நம்புனாரு. இதயும் வாயால வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பாரே ஹெலனு."

சந்திரகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சத் துணியை உலர்த்த வாசலுக்குப் போனாள்.